ஸ்வரம் மட்டும் பாடிய பிள்ளை

2012-இல் தமிழக அரசு 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளில் நியமித்தபோது நானும் ஒருத்தியாக உள்ளே நுழைந்தேன். மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரை நாள். எனக்கு இசை. இசைக்கான லோயர், ஹையர் அரசுப் பரீட்சைகள் எழுதி, டி.டி.சி. என்ற ஆசிரியர் சான்றிதழும் வாங்கி வைத்துக்கொண்டு வீட்டில் சும்மா இருந்தவளுக்கு அது பெரிய விஷயம். பள்ளியில் ஆர்மோனியம் கிடையாது, இசைக்கென்று அறையும் கிடையாது. செல்போனில் தம்புராவைப் பதிந்து வைத்திருந்தேன். அதை ஓர் எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்திவிட்டால் வேப்பமரத்தடி முழுக்கச் சுருதி கேட்கும்.

ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒரு தெருவில் அம்மன் கோயில், அடுத்த தெருவில் வேதக்கோயில் என்று நாங்கள் சொல்லும் சர்ச், வாய்க்காலைத் தாண்டினால் பள்ளிவாசல். பெந்தெகொஸ்தே சபை அப்போதுதான் ஓலைக் கொட்டகையிலிருந்து காங்கிரீட்டுக்கு மாறிக்கொண்டிருந்தது. அம்மன் கோயில் கொடை விழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் மைக் செட் கட்டுவது ஒரே ஆள்தான்.

ஆறாம் வகுப்புக்குச் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று வெறும் ஸ்வரப் பயிற்சிகளை நான் படித்த வழியிலேயே சொல்லிக்கொடுத்துக்கொண்டு போனேன். அதுவரை எந்தப் பிரச்சினையும் இல்லை. ஸரிகமபதநிக்கு ஏது மதம்? அப்புறம் கீதம் வந்தது, சொல்லோடு பாடுகிற முதல் பாடம். கர்நாடக இசை கற்றவர்கள் எல்லாருக்கும் தெரியும், முதல் கீதம் மலஹரி ராகத்தில் பிள்ளையார் மேல் புரந்தரதாசர் பாடியது. ரூபக தாளம். முதலில் ஸ்வரம், பிறகு சாகித்யம், அதாவது பாட்டின் சொற்கள். 'ம ப த ஸ ஸ ரி' என்று ஸ்வரத்தைப் பாடிவிட்டு, அதே மெட்டில் 'ஸ்ரீ கணநாத' என்று சொல்லைப் பாட வேண்டும்.

அந்த வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். சொல்லிக்கொடுக்காமலே சுருதி சேரும் குரல். அந்த மாதிரிக் குரல் பத்து வருஷத்துக்கு ஒன்றுதான் கிடைக்கும். ஸ்வரத்தை அவள்தான் முதலில் பிடித்தாள். சாகித்யம் வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். கை மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. மறுபடி ஸ்வரம் என்றால் குரல் வரும், சாகித்யம் என்றால் நின்றுவிடும். ரெண்டு வகுப்பு பார்த்தேன். மூன்றாவது வகுப்பில் எரிச்சலில், "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டுவிட்டேன். பிள்ளையார் பாட்டுக்கு அந்தக் கேள்வி எத்தனை பொருத்தம் என்பது பிறகுதான் உறைத்தது.

மறுநாள் அவளுடைய அம்மா வந்தார். பீடி சுற்றுகிறவர், வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். வாசலுக்கு வெளியே நின்றபடியே பேசினார்.

"டீச்சர், பிள்ளைக்குப் பாட்டுன்னா உசிரு. சபையிலயும் அவதான் பாடுதா. அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம் டீச்சர். அதுல சாமி பேரு வருதாம்லா."

"அது சாமி பாட்டு இல்லைம்மா, பாடம்" என்றேன். "ஐநூறு வருஷமா எல்லாரும் இதிலதான் ஆரம்பிக்காங்க."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஒன்று ஞாபகம் வந்தது. அந்தக் கீதத்தைத் தொடங்குமுன் நான் பிள்ளைகளிடம் என்ன சொல்லியிருந்தேன்? "செருப்பை அங்கே விட்டுட்டு வாங்க. கண்ணை மூடிக்கங்க. கைகூப்புங்க." சரளி வரிசைக்கு நான் அப்படிச் சொன்னதே இல்லை. அலங்காரத்துக்கும் இல்லை. பாடம் என்று அந்த அம்மாவிடம் சொன்னேனே தவிர, நடத்தியது பூஜை. என் குரு எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார், அதனால் அது எனக்கு இசையின் பகுதியாகவே தெரிந்தது. வாழைப்பழம், வெற்றிலை பாக்கு வைத்துப் பாட்டு ஆரம்பித்த வீட்டுப் பிள்ளை நான். எனக்குப் பக்தி எங்கே முடிகிறது, ராகம் எங்கே தொடங்குகிறது என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஸ்வரம் முடிகிற இடத்தில் சரியாக நிறுத்தினாளே.

பள்ளியில் எங்கள் தமிழ் ஐயாவிடம் இதைச் சொன்னேன். அவர்தான் கேரளத்து வழக்கைச் சொன்னார். 1985-இல் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், ஓர் அண்ணனும் இரண்டு தங்கைகளும், காலையில் நாட்டுப்பண் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் பாட மாட்டார்கள். பள்ளியை விட்டு அனுப்பிவிட்டார்கள். உயர் நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு, எழுந்து நின்றதே மரியாதை, பாடாமல் இருப்பது அவமதிப்பு ஆகாது, அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தீர்ப்பளித்தது. "அது நாட்டுப்பண்ணுக்கே அப்படி. உங்க பிள்ளையார் எம்மாத்திரம்?" என்று சிரித்தார் ஐயா.

அரசியல் சாசனத்தின் 28-ஆவது பிரிவையும் அவர்தான் காட்டினார். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கிற கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது. ஒரே வரி. படித்ததும் தெளிவாக இருப்பது போலத்தான் இருந்தது. எது போதனை, எது பாடம், எது வெறும் பழக்கம் என்று யோசிக்க ஆரம்பித்தால் வரி குழம்பிவிடுகிறது. கேந்திரிய வித்யாலயாக்களில் காலையில் பாடும் வழிபாட்டுப் பாடல்களை எதிர்த்து ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். 'அசதோ மா சத்கமய' உபநிடதத்தில் இருப்பதாலேயே மதப்பாட்டு ஆகிவிடாது என்றது அரசுத் தரப்பு, இந்த நீதிமன்றத்தின் முத்திரை வாசகமே மகாபாரதத்திலிருந்து வந்ததுதானே என்றும் கேட்டது. 2019 ஜனவரியில் நீதிபதிகள், இதைப் பெரிய அமர்வு விசாரிக்கட்டும் என்று அனுப்பிவைத்தார்கள். உச்ச நீதிமன்றத்துக்கே யோசிக்க வேண்டியிருக்கிற விஷயத்தை நான் மரத்தடியில் நாற்பது நிமிஷத்துக்குள் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

நம் பள்ளிகளிலும் காலைக் கூட்டத்துக்குப் பெயர் இறைவணக்கம்தான். ஆனால் அதில் பாடுகிற பாட்டில் இறைவன் இல்லை, தமிழ்த்தாய்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1891-இல் சுந்தரம் பிள்ளை அதை எழுதியபோது தலைப்பு 'தமிழ்த் தெய்வ வணக்கம்'. 1970-இல் அரசு எடுத்துக்கொண்டபோது நடுவிலிருந்து சில வரிகளை விட்டுவிட்டார்கள். ஆரியம் போல் வழக்கொழிந்து என்ற பகுதி போனதைத்தான் எல்லாரும் பேசுவார்கள். அதோடு 'எல்லையறு பரம்பொருள்' என்ற சொல்லும் சேர்ந்து போனதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பரம்பொருள் போனதாலோ என்னவோ, அந்தப் பிள்ளை அதை மோகன ராகத்தில் வாய் நிறையப் பாடினாள். இப்போது மாநிலப் பாடல், 55 விநாடி. அந்த 55 விநாடியில் வாய் மூடி நின்ற பிள்ளையை எங்கள் பள்ளியில் நான் பார்த்ததில்லை.

சரி, கீதத்துக்கு என்ன செய்தேன்? முதலில் அதே மெட்டில் தாமிரபரணியைப் பற்றி நான்கு வரி நானே எழுதினேன். ஒட்டவில்லை. மலஹரிக்கு அந்தச் சொற்கள் தோல் மாதிரி, என் வரிகள் சட்டை மாதிரி இருந்தன. பிறகு மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைப் புரட்டினேன். கிறிஸ்தவர், முன்சீப்பாக இருந்தவர், எந்தச் சாமியையும் பேர் சொல்லாமல் கடவுளைப் பாடியவர். எனக்கு மிகவும் பிடித்துப்போயின, ஆறாம் வகுப்புக்குத்தான் கனம். கடைசியில் கீதத்தை ஸ்வரமாகவும், சொல்லில்லாமல் 'ஆ' என்று மட்டும் பாடும் அகாரமாகவும் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தேன். சாகித்யத்தை, இது இன்னார் இன்ன சாமி மேல் பாடியது என்று சொல்லி, விருப்பமுள்ளவர்கள் பாடுங்கள், மற்றவர்கள் தாளம் போடுங்கள் என்று விட்டேன். கைகூப்பலை நிறுத்தினேன்.

பத்து நாளில் இன்னொரு அப்பா வந்தார். அம்மன் கோயில் வரி வசூலிப்பவர். "பிள்ளையார் பாட்டை நிறுத்திட்டீங்களாமே. யாருக்குப் பயந்து டீச்சர்?" நிறுத்தவில்லை, கட்டாயமில்லை என்று மட்டும்தான் சொன்னேன் என்று விளக்கினேன். அவருக்கு ரெண்டும் ஒன்றுதான். "நம்ம பாட்டைப் பாடுறதுக்கே இப்ப விருப்பம் கேக்கணுமோ" என்று முனகிக்கொண்டே போனார். 'நம்ம' என்றதில் என்னையும் சேர்த்துத்தான் சொன்னார். அதற்கு அன்று எனக்குப் பதில் வரவில்லை.

இதை ஒரு மதத்துக் கணக்கில் எழுதிவிட முடியாது. பிறகு வந்த ஹெச்.எம். கிறிஸ்தவர், நல்ல மனுஷி. டிசம்பரில் கேரல் பாட்டுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யச் சொன்னார். கேக் உண்டு என்பதால் ஒருவரும் குறை சொல்லவில்லை. கடைசி வரிசையில் ஒரு முஸ்லிம் பையன் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றான். முன்பு அந்தப் பெண் பிள்ளையைப் பார்த்திராவிட்டால் இவனை நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

எனக்கு உண்மையிலேயே பிடிக்காதது ஆண்டு விழாவில் வரும் மும்மதப் பாட்டு. ஒருத்திக்குப் பட்டுப்பாவாடை, ஒருத்திக்கு வெள்ளை கவுன், ஒருவனுக்குத் தொப்பி, கடைசியில் மூன்று பேரும் கைகோர்ப்பார்கள், கைதட்டல் விழும். ஒரு வருஷம் ஆசிரியர் ஒருவர் அதே பையனைக் காட்டி, தொப்பிக்கு இவன் இருக்கிறானே என்றார். அவன் என்னிடம் தனியாக வந்து, "நான் தொப்பி போடலை டீச்சர், தவில் அடிக்கேனே" என்றான். கொடையில் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தான். நன்றாகவே அடித்தான். விழா மேடையில் தவில் அவனுக்குக் கிடைக்கவில்லை, தொப்பிதான் கிடைத்தது. நான் இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்கலாம். பகுதிநேரம், அடுத்த வருஷ வேலை நிச்சயமில்லை, வாதாடவில்லை.

2024-இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் ஒருவர் முற்பிறவிப் பாவத்தையும் உடல் குறைபாட்டையும் முடிச்சுப் போட்டுப் பேச, பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து கேள்வி கேட்டது செய்தியானதே, அன்று எங்கள் ஆசிரியர் அறையிலும் அதே பேச்சு. "நம்ம பள்ளியில அப்படியெல்லாம் கிடையாதுப்பா" என்றார்கள். சொன்னவர்களின் தலைக்கு மேலே சரஸ்வதி படம், அதில் அன்று காலை வைத்த பூ. நானும் நிமிர்ந்து பார்த்தேன். பூவை வைத்ததே நான்தான்.

அந்தப் பெண் பிள்ளை எட்டாம் வகுப்பு முடித்ததும் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போய்விட்டாள். சபையில் இப்போது கீபோர்டும் வாசிக்கிறாளாம். இப்போதும் புது வகுப்புக்குக் கீதம் தொடங்குகிற நாளில் தம்புராவைப் போட்டுவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பேன். அந்த ஒரு நிமிஷத்தில் முழுப் பாட்டையும், சாகித்யத்தோடு, மனசுக்குள் பாடி முடித்துவிடுவேன். டீச்சர் சுருதி பார்க்கிறார் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.