வெள்ளி உருக்கும் காயிலின் ஓம் எவ்வளவு?

சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளில் இப்போது இண்டக்‌ஷன் உலை, அதாவது காயிலின் காந்தப்புலத்தால் சூடாக்கும் உலை, சகஜம். மூசை (உருக்கும் பாத்திரம்) மாற்றினால் கூடவே லோடும், அதாவது காயில் காட்டும் ரெசிஸ்டன்ஸும் இண்டக்டன்ஸும், மாறுகிறது. அதை அளக்காமல் பவரைத் திருகாதீர்கள்.

முதலில் மெயின் ஆஃப், கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்து, காயிலுக்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டரைக் கழற்றிவிடுங்கள். காயில் முனையிலேயே 5 மைக்ரோஃபாரட் பிலிம் கெப்பாசிட்டரை இணையாக இறுக்குங்கள். ஒயர் நீண்டால் அதன் இண்டக்டன்ஸும் கணக்கில் புகுந்துவிடும். சிக்னல் ஜெனரேட்டரை 1 கிலோஓம் வழியாகக் கொடுத்து, ஃப்ரீக்வென்சியை மாற்றிக்கொண்டே ஸ்கோப்பில் வோல்டேஜ் உச்சத்தைத் தேடுங்கள், அதுதான் ரெசனன்ஸ்.

காலிக் காயில் 31.8 கிலோஹெர்ட்ஸில் உச்சம் காட்டினால் அது 5 மைக்ரோஹென்றி. உச்ச வோல்டேஜ் இருபுறமும் 70.7 சதவீதமாக இறங்கும் இடங்களைக் குறியுங்கள். இடைவெளி 0.8 கிலோஹெர்ட்ஸ் என்றால் கியூ (உச்ச ஃப்ரீக்வென்சியை இடைவெளியால் வகுத்தது) 40, ரெசிஸ்டன்ஸ் 0.025 ஓம்.

இனி கிராஃபைட் மூசையை உள்ளே இறக்குங்கள். உச்சம் 35.6க்கு ஏறி, இடைவெளி 3.6 ஆனால், இண்டக்டன்ஸ் 4 மைக்ரோஹென்றி, ரெசிஸ்டன்ஸ் 0.09 ஓம். வித்தியாசமான 0.065 ஓம்தான் மூசையின் பங்கு. நூற்றுக்குச் சுமார் 72 பங்கு சூடு மூசைக்கு, மீதி காயில் தண்ணீரில் போகிறது. சுவர் 8 மில்லிமீட்டருக்கும் மெல்லியதென்றால் வெள்ளியையும் போட்டே அளங்கள், காந்தப்புலம் உள்ளே ஊடுருவும்.

இதே அளவை இரும்புக்கு நம்பாதீர்கள். குளிர்ந்த இரும்புக்குக் காந்தத்தன்மை உண்டு, 770 டிகிரி செல்சியஸ் தாண்டினால் இல்லை. அங்கே இண்டக்டன்ஸ் சரிந்து ரெசனன்ஸ் மேலே ஓடும். சீரிஸ் ரெசனன்ஸ் இன்வெர்ட்டர் பழைய ஃப்ரீக்வென்சியிலேயே நின்றால் லோடு கெப்பாசிட்டிவ் ஆகி (கெப்பாசிட்டர் போல நடந்து) ஐஜிபிடி, அதாவது இன்வெர்ட்டரின் பவர் ஸ்விட்ச், வெடிக்கலாம்.