பார்ட்ஸ் கடைக்கு சிஸ்டம் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் வாகன ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு, பில்லும் சரக்குக் கணக்கும் பார்க்கும் கணினி சிஸ்டம் ஒருவழியாக ஓடத் தொடங்கிவிட்டது. வரி இலாகாவுக்குக் கணினி வழியே அனுப்பும் பில்லான இ-இன்வாய்ஸும் போகிறது. நடுவில் பட்ட பாடு மட்டும் இன்னும் ஆறவில்லை. கோலகங்சார், ஈப்போ பக்கம் இதே தொழிலில் இருப்பவர்கள் யாராவது சிஸ்டம் வாங்கும் யோசனையில் இருந்தால், முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் கடையில் அப்பா, நான், ஒரு பையன், அவ்வளவுதான். ஆனாலும் செம்பனை லோரிகளுக்கு டயர், பேட்டரி, எண்ணெய் என்று போவதால் ஆண்டு விற்பனை 1 மில்லியன் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டிவிடுகிறது. அந்த அளவுக் கடைகளுக்கு 2026 ஜனவரி 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அப்பாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி வந்தபோது காசைக் கொட்டி ஒரு சிஸ்டம் வாங்கினோம். 2018 ஜூனில் வரியை சைபர் ஆக்கினார்கள், அந்தக் கணினி மூலைக்குப் போனது. அவர் தயங்கியதில் நியாயம் இருக்கிறது.

வரி இலாகாவின் இணையதளமான மைடேக்ஸில் அப்பா பெயரில் நுழைந்தது, இ-இன்வாய்ஸ் அனுப்பும் தளமான மைஇன்வாய்ஸ் திறந்தது எல்லாம் சிரமமில்லாமல் முடிந்தது. சிரமம் சிஸ்டம் விற்ற ஏஜெண்டிடம் தொடங்கியது.

கடையில் இருந்த சாமான் பட்டியலை நான் இரவு இரவாக உட்கார்ந்து தட்டி வைத்திருந்தேன். பார்ட் நம்பர், ரேக் எண், வாங்கிய விலை எல்லாம் அதில் உண்டு. ஏஜெண்டின் ஆள் அதை வாங்கிப்போய் எக்செலில் திறந்து, சேமித்து, சிஸ்டத்தில் ஏற்றிவிட்டார். “எல்லாம் ஏறிடுச்சு அக்கா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் ஒரு தோட்டத்துக் கிராணி தன் டொயோட்டா வியோஸ் காருக்கு முன் பிரேக் பேட் கேட்டு வந்தார். பையன் நம்பரைத் தட்டினான், சிஸ்டம் இல்லை என்றது. கிராணி ஈப்போவுக்குப் போய் வாங்கிக்கொண்டார். பேட் எங்கள் ரேக்கிலேயே இருந்தது.

டொயோட்டாவில் முன் பிரேக் பேட் நம்பர் 04465 என்றுதான் தொடங்கும். பின் பிரேக் ஷூ 04495. கோடு போடாமல் பத்து இலக்கமாகத் தட்டியதை எக்செல் வெறும் எண் என்று நினைத்து, முன்னால் நிற்கும் சைபரைத் தின்றுவிட்டது. ஹைலக்ஸ் பிக்கப் நம்பரில் நடுவே ‘கே’ எழுத்து வருவதால் அது தப்பித்தது. எங்களுக்கு ஹைலக்ஸ் சாமான்தான் அதிகம் போகும், அதனால் ஆரம்பத்தில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஏஜெண்டைக் கூப்பிட்டால், பட்டியல் தந்தது நீங்கள்தானே என்றார். நான் தந்த கோப்பில் சைபர் இருந்தது. அதைத் திறந்து காட்டிய பிறகு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். முழுப் பட்டியலையும் நானே திரும்ப ஏற்றினேன். தயவுசெய்து நினைவில் வையுங்கள்: பார்ட் நம்பர் பத்தியை முதலில் ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டு, அப்புறம்தான் நம்பர்களை இறக்க வேண்டும். ஏற்றி முடித்ததும் சைபரில் தொடங்கும் நம்பர் பத்தையாவது நீங்களே தேடிப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய தலைவலி ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் சாமான்கள். பழைய மைவி 1.3 காருக்கும் முதல் அவான்ஸா 1.3 காருக்கும் ஒரே கே3-விஈ இன்ஜின். புரோட்டோன் வீரா 1.5-இல் இருப்பது மிட்சுபிஷியின் 4ஜி15. ஒரு டைமிங் பெல்ட்டுக்கு மிட்சுபிஷி நம்பர், புரோட்டோன் நம்பர், பெல்ட் கம்பெனியின் சொந்த நம்பர் என்று மூன்று இருக்கும். இது அப்பாவுக்கு மனப்பாடம். மெக்கானிக் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினால் போதும், பெட்டியை எடுத்து வைத்துவிடுவார். ஏஜெண்டோ, “மூணு ஐட்டமா போட்டுடுங்க அக்கா” என்றார். அப்படிப் போட்டால் ஒரு பெல்ட் மூன்று இடத்தில் கணக்கில் நிற்கும். ஒன்றை விற்றால் மற்ற இரண்டும் இருப்பதாகவே காட்டும். ஒரு பார்ட்ஸ் கடைக்கு இது எவ்வளவு பெரிய கேடு என்று விற்கிறவருக்கே தெரியவில்லை!

வழி கிடைத்தது கோலகங்சாரில் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவிடம். அவரும் அதே சிஸ்டம்தான் வைத்திருக்கிறார். ஒரே ஐட்டத்துக்குக் கீழே மாற்று நம்பர்களை எழுதும் பகுதி உள்ளேயே இருக்கிறதாம், செட்டிங்கில் திறந்துவிட்டால் போதுமாம். வாய்ஸ் மெசேஜில் அவர் சொன்னபடியே செய்தேன், வந்துவிட்டது. அன்று சாயங்காலம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சாமானாகச் சொல்ல, நான் தட்டினேன். அந்த வேலை இன்னும் நடக்கிறது. என்னைக் கேட்டால், காசு கொடுத்து வாங்கிய மென்பொருளைவிட இந்தப் பட்டியல்தான் எங்கள் கடைக்குச் சொத்து. அதனால் வாங்கும் முன், “மாற்று நம்பர் வைத்துத் தேடிக் காட்டுங்கள்” என்று உங்கள் கடைச் சாமானை வைத்தே கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. மைஇன்வாய்ஸோடு சிஸ்டத்தை இணைக்க, அப்பாவின் அடையாளக் கார்டு எண்ணையும் மைடேக்ஸ் பாஸ்வேர்டையும் ஏஜெண்ட் கேட்டார். கொடுக்கவே கூடாது. அதே பாஸ்வேர்டில்தான் அவருடைய வருமான வரிக் கணக்கும் இருக்கிறது. இணைப்புக்குத் தேவை கிளையண்ட் ஐடியும் கிளையண்ட் சீக்ரெட்டும், அதாவது சிஸ்டத்துக்கென்றே தனியாக உருவாக்கும் அடையாள எண்ணும் ரகசியச் சாவியும். மைஇன்வாய்ஸில் உரிமையாளரே நுழைந்து அவற்றை உருவாக்கலாம். சீக்ரெட் திரையில் வந்த உடனே பத்திரமாக எடுத்து வைத்துவிடுங்கள்.

பார்கோடு பிரிண்டரையும் தலையில் கட்டப் பார்த்தார்கள். எண்ணெய்க் கை படும் கடையில் ஸ்டிக்கர் எத்தனை நாள் ஒட்டும்? ஓ-ரிங், பல்பு மாதிரி சில்லறைச் சாமான்களுக்கு ரேக் பெட்டியில் எண் எழுதி வைத்தாலே போதும். மத்தியான இடிமழைக்கு மோடம் ஒருமுறை போய்விட்டது, அதனால் கையால் எழுதும் பில் புத்தகம் மேசையில் எப்போதும் இருக்கிறது.

வாடிக்கையாளர்களிடம் விவரம் வாங்குவதும் லேசாக இல்லை. இ-இன்வாய்ஸ் கேட்கும் வொர்க்‌ஷாப்காரர்களே அடையாளக் கார்டு எண் என்றதும், “எதுக்குண்ணே, வரி போடவா?” என்று அப்பாவிடம் கேட்கிறார்கள். கேட்காதவர்களின் சிறு பில்களை மாதம் முடிந்து 7 நாளுக்குள் மொத்தமாக ஒரே இன்வாய்ஸாக அனுப்பிவிடலாம். தனியாகப் போட்டதில் தவறு இருந்தால் 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்ய வேண்டும், அதற்குப் பிறகு கிரெடிட் நோட் மாதிரித் திருத்தச் சீட்டுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்டதை அன்றே சரிபார்த்துவிடுங்கள், திங்கட்கிழமை ராத்திரி என்றால் நேரம் கடந்துவிடும்.

வாடிக்கையாளர்களின் கடன் கணக்கு இன்னும் 555 என்ற சின்ன நோட்டுப் புத்தகத்தில்தான். ஆனால் சம்பளம் போடும் வாரத்தில் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கியிருக்கிறேன். வசூல் முன்பைவிட நன்றாக வருகிறது, அப்பாவே ஒத்துக்கொண்டார்.

ஏஜெண்டுக்குக் கடைசித் தவணை பாக்கி இருக்கிறது. அடுத்த வருஷப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, நாங்கள் வேறு சிஸ்டத்துக்கு மாறினால் எங்கள் பட்டியலை முழுதாக எடுத்துத் தருவார்களா என்ற இரண்டையும் எழுத்தில் தந்தால்தான் அந்தப் பணம் என்று சொல்லிவிட்டோம்.