ரிசர்வ் இல்லாத வண்டிகள்

திருவொற்றியூர் டோல்கேட் பக்கம் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். தொழில் கற்றது தண்டையார்பேட்டையில். கடைக்குத் தள்ளிக்கொண்டு வருகிற வண்டிகளில் கணிசமானவற்றில் எந்தக் கோளாறும் இருக்காது, பெட்ரோல்தான் தீர்ந்திருக்கும். இதைச் சொன்னால், "இதைக்கூடப் பார்க்காமலா ஓட்டுறாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்கிறார்கள். 50 ரூபாய்க்குப் போட்டு ஓட்டுகிறவருக்கு முள் எங்கே நிற்கிறது என்பது மற்ற எல்லோரையும்விட நன்றாகவே தெரியும். கையில் இருப்பதில் வீட்டுக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்று தினமும் காலையில் கணக்குப் போட்டுவிட்டுத்தான் பெட்ரோல் பங்க்குக்குப் போகிறார்.

என்னிடம் வருபவர்கள் அப்படிப்பட்டவர்கள்தான். காசிமேட்டில் விடியும் முன்பே மீன் எடுத்துக்கொண்டு எக்ஸ்எல் மொபெட்டில் கிளம்புகிறவர்கள், கன்டெய்னர் யார்டுகளில் வேலை பார்க்கிறவர்கள், மணலிக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள், சாப்பாடு டெலிவரி செய்யும் பையன்கள். மணலியில் 1969-லிருந்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓடுகிறது. டேங்கர் லாரிகள் இந்த வழியாகத்தான் போகின்றன. ஆனாலும் 2021-ல் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியதிலிருந்து 50 ரூபாய்க்கு அரை லிட்டர்கூட முழுதாக வருவதில்லை. அதைக்கொண்டு எண்ணூர் போய்த் திரும்பி, நடுவில் இரண்டு சவாரியும் வந்துவிட்டால் வண்டி எங்கேயாவது நிற்கத்தான் செய்யும். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசையை ஒட்டி, ராத்திரியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. பாட்டிலில் பெட்ரோல் தர மாட்டோம் என்று பங்க்கில் சொல்லிவிடுகிறார்கள். பாதுகாப்புக்கு அது சரிதான். ஆனால் வண்டியை விட்டுவிட்டு நடந்துபோய் வாங்கி வரலாம் என்ற வழி அடைபட்டுவிடுகிறது.

முன்பு இந்த மக்களுக்கு ஒரு துணை இருந்தது. பெட்ரோல் தானாக இறங்கிக் காற்றோடு கலக்கிற பழைய கார்புரேட்டர் வண்டிகளில் டேங்க்குக்குக் கீழே, பெரும்பாலும் இடது பக்கம், ஒரு பெட்ரோல் டேப் இருக்கும். ஆன், ரிசர்வ், பல வண்டிகளில் ஆஃப். டேங்க்குக்குள்ளே டேப்பிலிருந்து ஒரு சின்னக் குழாய் உயரமாக நிற்கும். ஆனில் வைத்தால் அந்தக் குழாயின் வாய் வழியாக மட்டும்தான் பெட்ரோல் இறங்கும். மட்டம் அதற்குக் கீழே போனதும் வண்டி திணறும். கையைக் கீழே விட்டு ரிசர்வுக்குத் திருப்பினால் அடியில் உள்ள துளை வழியாக மிச்சம் வரும். பல வண்டிகளில் அந்த மிச்சமே ஒரு லிட்டருக்கு மேல் இருக்கும். அதுவும் தீர்ந்தால் கடைசியாக ஒரு வழி உண்டு. டேங்க்கின் நடுவில், சட்டத்தின் மேல் உட்காருவதற்காக, ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். வலது பக்கம் கொஞ்சம் பெட்ரோல் தங்கிவிடும். வண்டியை இடது பக்கமாக நன்றாகச் சாய்த்து நிமிர்த்தினால் அது டேப் பக்கம் வந்து சேரும். பக்கத்துத் தெரு வரைக்கும் வண்டி போய்விடும்.

2020 ஏப்ரல் 1 முதல், வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 6 விதி வந்தது. பெரும்பாலான வண்டிகள் கார்புரேட்டரை விட்டு, பெட்ரோலை அளந்து பீச்சுகிற ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. புகை குறைந்தது, காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகிறது. நல்ல விஷயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ரிசர்வ் டேப் போய்விட்டது. டேங்க்குக்குள்ளேயே ஒரு மின்சார பம்ப் உட்கார்ந்திருக்கிறது. அந்த பம்ப்பைச் சூடாகாமல் காப்பாற்றுவதும், அதற்கு வழவழப்பு கொடுப்பதும் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். ஒருநாள் தீர்ந்துபோனதால் மட்டும் பம்ப் கெட்டுவிடாது. மாதக்கணக்கில் அடிமட்டத்திலேயே ஓட்டி, அடிக்கடி காற்றை உறிஞ்சவிட்டால் அதன் ஆயுள் குறையும். அப்படி ஓட்டுகிறவர் யார்? 50 ரூபாய்க்குப் போடுகிறவர்தான்.

ஒரு டெலிவரி தம்பி வந்தான். எர்ணாவூர் பாலத்துக்கிட்டே நின்றுவிட்டது என்று நண்பன் பின்னாலிருந்து காலால் டோ பண்ணியே கொண்டுவந்து சேர்த்தான். வழியிலேயே யாரிடமோ கொஞ்சம் பெட்ரோல் வாங்கி ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லையாம். சாவியைத் திருப்பினேன். டேங்க்குக்குள் இரண்டு நொடி கேட்க வேண்டிய 'உய்ங்' சத்தம் வரவில்லை. ஃப்யூஸைப் பார்த்தேன், சரியாக இருந்தது.

"தம்பி, பம்ப் போயிருக்குடா."

"பெட்ரோல்தானேண்ணா தீர்ந்துச்சு, பம்ப் எப்படிண்ணா போகும்?"

பம்ப்பைக் கழற்றிக் காட்டி விளக்கினேன். கேட்டுவிட்டு, "ஃபுல் டேங்க் போட்டு ஓட்டுறவனுக்கு இது போகாதா?" என்றான். சுலபத்தில் போகாது என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. புது பம்ப்புக்கு ஆகும் செலவு அவனுடைய ஒரு வார வருமானம். தவணையில் வாங்கிக்கொள்கிறேன் என்று போட்டுக் கொடுத்தேன்.

எல்லா நிறுத்தமும் பெட்ரோல் தீர்ந்ததால் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டேங்க் மூடியில் காற்றுத் துளை இருக்கும். எங்கள் பக்கத்துத் தூசியில் அது அடைபட்டால், பெட்ரோல் இருந்தும் வண்டி திணறி நிற்கும். மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று இழுத்தால் விஷயம் அதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பிறகு டேங்க்கில் தண்ணீர் போன வண்டிகள் நிறைய வந்தன. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் தங்கும். ஆனில் நன்றாக ஓடிய பழைய வண்டி, ரிசர்வுக்குத் திருப்பியதும் நின்றால் நான் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்படுவேன். இப்போதைய பெட்ரோலில் கலக்கிற எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் அதோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். இப்படி ஆன வண்டியில் மேலே மேலே பெட்ரோல் ஊற்றிப் பயனில்லை. முழுதாக வடித்துத்தான் ஆக வேண்டும்.

இன்ஜெக்‌ஷன் வண்டி வைத்திருப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான். எப்படியாவது ஒரே ஒரு தடவை இரண்டு லிட்டர் கூடுதலாகப் போடுங்கள். அதை வீட்டு வாடகை அட்வான்ஸ் மாதிரி நினைத்து மறந்துவிடுங்கள். அப்புறம் வழக்கம்போல தினம் 50 ரூபாய்க்கே போடுங்கள், செலவு அதேதான், பம்ப் மட்டும் முங்கியே இருக்கும். தீர்ந்தே போய்விட்டால், ஊற்றியதும் செல்ஃபை அமுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். சாவியை ஆன், ஆஃப் என்று சில தடவை போடுங்கள், ஆன் செய்கிற ஒவ்வொரு தடவையும் பம்ப் சத்தம் அடங்கும்வரை விடுங்கள். லைனில் பெட்ரோல் ஏறிய பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஆனால் அந்த இரண்டு லிட்டருக்கான 200 ரூபாயையே ஒரு நாளில் ஒதுக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வண்டி செய்கிறவர்கள்தான் வழி பண்ண வேண்டும். மட்டம் காட்டும் மிதவை ஏற்கெனவே டேங்க்குக்குள் இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் எஞ்சினை நிறுத்தி, ஒரு பட்டனை அழுத்தினால் மட்டும் மிச்சத்தில் ஓடவிடலாம். பழைய டேப் செய்த வேலைதான் இது. ஒரு பயிற்சி வகுப்புக்கு வந்திருந்த கம்பெனி இன்ஜினியரிடம் கேட்டேன். வண்டி விலை கொஞ்சம் கூடுமே என்றார். ஒரு பம்ப் விலை அளவுக்கா சார் கூடும் என்று கேட்டேன். அவ்வளவு கூடாது என்று ஒப்புக்கொண்டார்.