கம்பர்லாந்திலிருந்து மலை ஏறும் பாதை

அக்டோபர் 6, வெள்ளி இரவு, கம்பர்லாந்து, மேரிலாந்து

சைக்கிள்களைக் காரிலிருந்து இறக்கி, செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்று பார்த்தாயிற்று. நாளை கிரேட் அலெகெனி பாஸேஜ். இங்கிருந்து பிட்ஸ்பர்க் வரை 150 மைல் போகும் பழைய ரயில் பாதை, இப்போது தண்டவாளத்தை எடுத்துவிட்டு சைக்கிள் டிரெயில் ஆக்கியிருக்கிறார்கள். நாங்கள் முழுதும் போகவில்லை. நாளை கன்ஃப்ளுயன்ஸ் ஊர் வரை 62 மைல், அதாவது 100 கிலோமீட்டர். ஞாயிறன்று கானல்ஸ்வில். அங்கே என் மனைவி காரோடு வந்துவிடுவாள்.

மச்சான் ஏற்றத்தின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஏற்காடு ஏறினவங்களுக்கு இதெல்லாம் ஒரு ஏத்தமா மாமா?" என்றான். சரி, பார்ப்போம்.

அக்டோபர் 7, சனி இரவு, கன்ஃப்ளுயன்ஸ், பென்சில்வேனியா

வந்து சேர்ந்தோம். முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் புகார் சொல்கின்றன.

முதல் 24 மைலில் சுமார் 1,750 அடி ஏற வேண்டும். கணக்குப் போட்டால் 100 அடிக்கு ஒன்றரை அடிகூட வராது. ரயிலுக்காகப் போட்ட பாதை, அதனால்தான். சக்கரமும் இரும்பு, தண்டவாளமும் இரும்பு. சமதளத்தில் சுகமாக உருளும், சரிவு கூடினால் வழுக்கும். ஆகவே மலையை வளைத்தும் குடைந்தும், பள்ளத்தில் பாலம் கட்டியும், சரிவைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். இன்ஜினுக்கு அது இரக்கம். நமக்கு அப்படியில்லை. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சு வாங்கினாலும், வளைவு முடிந்ததும் எதையோ வென்ற மாதிரி இருக்கும். இங்கே கண்ணுக்குப் பாதை சமமாகத்தான் தெரிகிறது. ஆனால் தினத்தண்டல்காரர் மாதிரி, ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் வசூலித்துக்கொண்டே போகிறது. நடுவில் கால் ஓய ஓர் இறக்கம் கிடையாது. போதாக்குறைக்குத் தரை சுண்ணாம்புக்கல் பொடி. ஈரத்தில் டயரைப் பிடித்து இழுக்கிறது.

ஃப்ராஸ்ட்பர்க் வரை சுற்றுலா ரயில் ஓடும் தண்டவாளம் பக்கத்திலேயே வருகிறது. பிரஷ் சுரங்கத்துக்குள் ரயிலுக்கும் சைக்கிளுக்கும் ஒரே கூரை. ஃப்ராஸ்ட்பர்க்கில் புளிசாதம். மச்சான் அதற்குப் பிறகு ஏற்காட்டின் பேரை எடுக்கவில்லை.

அப்புறம் மேசன்-டிக்சன் கோடு, தாண்டினால் பென்சில்வேனியா. பிக் சாவேஜ் சுரங்கத்தின் வாசலில் திரும்பிப் பார்த்தால் மேரிலாந்தின் மலைகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. சுரங்கம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளம். உள்ளே விளக்கு உண்டு, குளிரும் உண்டு. கசியும் நீர் உறைந்து சுவரைப் பெயர்க்காமலிருக்க, குளிர்காலம் முழுதும் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். டிசம்பரில் வரலாம் என்று சொன்ன நண்பர்கள் கவனிக்க.

சுரங்கத்தைத் தாண்டிச் சிறிது தூரத்தில் 2,392 அடி உயரத்தில் நீர்ப்பிரிமேடு. இந்தப் பக்கம் பெய்யும் மழை பொட்டோமாக் வழியாக அட்லாண்டிக்குக்கு. அந்தப் பக்கம் பெய்வது ஒஹையோ, மிசிசிப்பி என்று சுற்றி மெக்சிகோ வளைகுடாவுக்கு. அங்கே ஒரு குட்டிப் பாலத்தின் அடியில், நாம் ஏறி வந்த ஏற்றத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். மச்சான் அதை போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டான். "மலையே காணோமே" என்று மாமியார் பதில்.

அதன் பிறகு பிட்ஸ்பர்க் வரை பொதுவாக இறக்கம்தான். மேயர்ஸ்டேல் தாண்டியதும் சாலிஸ்பரி பாலம்: 1,908 அடி நீளம், நூறடி உயரம், கீழே ஆறு, நெடுஞ்சாலை, ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு ரயில் பாதை. நாங்கள் நின்றபோது சரக்கு ரயில் ஒன்று போனது. கடைசிப் பெட்டி வரை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

இந்த டிரெயில் பிறந்ததே அந்த இன்னொரு பாதையால்தான். வெஸ்டர்ன் மேரிலாந்து கம்பெனி 1912இல் இந்த மலைப்பாதையைத் திறந்தபோது, ஏற்கெனவே பால்டிமோர் அண்ட் ஒஹையோ ரயில் இதே பள்ளத்தாக்கில் ஓடிக்கொண்டிருந்தது. 1973இல் இரண்டும் செஸ்ஸி சிஸ்டம் என்ற ஒரே குடையின் கீழ் வந்தன. ஒரே முதலாளிக்கு இரண்டு பாதை எதற்கு? 1975இல் இதை மூடிவிட்டார்கள். டிரெயிலின் முதல் துண்டு 1986இல் ஒஹையோபைல் அருகே திறந்தது. பிட்ஸ்பர்க் வரை இணைய 2013 ஆயிற்று. பிங்கர்டன் சுரங்கம் மட்டும் 2015 வரை மூடியே கிடந்ததால் எல்லோரும் மலையைச் சுற்றிப் போனார்களாம். நாங்கள் நேராகப் போனோம், ஒரு நிமிட வேலை.

ராக்வுட்டுக்கு அப்புறம் எழுத ஒன்றுமில்லை. மரம், ஆறு, மரம்.

அக்டோபர் 8, ஞாயிறு, கானல்ஸ்வில்

27 மைல், சுலபம். ஒஹையோபைலில் அருவி பார்த்து, காபி குடித்து, மெதுவாக வந்தோம்.

காரில் வரும்போது விவாதம். அடுத்த முறை பிட்ஸ்பர்க்கில் தொடங்கி, அந்தக் கடைசி 24 மைலை மிதிக்காமலே இறங்க வேண்டும் என்கிறான் மச்சான். எனக்கு அது சரிப்படாது. அந்தப் பக்கமிருந்து வந்தால் நூறு மைலுக்கு மேல், தெரிந்தும் தெரியாமலும் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பர்லாந்தில் தொடங்கினால் மதியத்துக்குள் தண்டல் முடிந்துவிடுகிறது. இருவரும் விடவில்லை. கடைசியில் ஓட்டிக்கொண்டிருந்தவள், "ரெண்டு பேரும் எங்க வேணா கிளம்புங்க, கார் நான் எடுத்துட்டு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.