மிச்சம் போய்ச் சேரும் இடம்

இரவு எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சமையலறையில் நான் ஒரு சுற்று வருவேன். குழம்புச் சட்டியில் ஒரு கரண்டி இருக்கும். வாணலியில் ஒட்டிய உருளைக்கிழங்கு, மகள் தட்டில் ஒதுக்கிய அரைத் தோசை, குக்கர் அடியில் ஒரு கைப்பிடி சோறு. இத்தனூண்டை எதற்கு ஃபிரிட்ஜில் வைப்பானேன் என்று நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு, பாத்திரத்தைத் தேய்க்கப் போடுவேன். ராத்திரி என்ன சாப்பிடுவீர்கள் என்று டயட்டீஷியன் கேட்டபோது, மூன்று தோசை என்றுதான் சொன்னேன். பொய் இல்லை. உட்கார்ந்து சாப்பிட்டது மூன்றுதான்.

2023 பிப்ரவரியில் எனக்கு எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது வயது 42, உயரம் 158 செ.மீ., எடை 112 கிலோ. எடையையும் உயரத்தையும் வைத்துப் போடும் கணக்கான பி.எம்.ஐ. கிட்டத்தட்ட 45. சர்க்கரைக்கு இரண்டு வேளை மாத்திரை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததால் ராத்திரி முகத்தில் மெஷின். வில்லிவாக்கம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படியில் நின்று, போனைப் பார்ப்பது போல நடிப்பேன். பேலியோ, காலையில் வெந்நீர், கொள்ளு, ஜிம்முக்கு ஆறு மாதச் சந்தா எல்லாம் பார்த்தாயிற்று. இன்ஷூரன்ஸ் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பி.எம்.ஐ. 40-க்கு மேல் இருந்தால், அல்லது 35-க்கு மேல் இருந்து கூடவே கட்டுக்கு அடங்காத சர்க்கரை, இதயநோய், தூக்கத்தில் தீவிரமாக மூச்சு நிற்பது போன்றவை இருந்தால், டாக்டர் பரிந்துரையின் பேரில் பாலிசியில் இடம் உண்டு. பாலிசி எடுத்த பிறகான காத்திருப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது. ஆனால் அந்தக் கடிதப் போக்குவரத்திலேயே இரண்டு கிலோ குறைந்திருப்பேன்.

எனக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் நீள வாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைக்காய் அளவுக்கு ஒரு குழாயாக விட்டுவைப்பார்கள். வெட்டி எடுக்கிற பாகத்தின் மேல் பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெரும்பகுதி சுரக்கிறது. அதனால் வயிறு சிறிதாவதோடு பசியும் அடங்கிவிடும் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். கடைசியில், "பசிக்காம சாப்பிடறதுக்கு நான் கத்தி வைக்க முடியாதும்மா, அது உங்க பொறுப்பு" என்றார். சரி சார் என்று தலையாட்டினேன். அவர் என்ன சொன்னார் என்பது எனக்குப் பத்து மாதம் கழித்துதான் புரிந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் புரோட்டீன் பவுடரும் தெளிந்த சூப்பும்தான். கல்லீரலில் இருக்கும் கொழுப்பு குறைந்தால்தான் சின்னத் துளை வழியாகச் செய்கிற லேப்பராஸ்கோப்பியில் கல்லீரலை ஒதுக்கிவிட்டு வேலை செய்ய வசதியாக இருக்குமாம். முடிந்த மறுநாள் ஒரு குட்டி பிளாஸ்டிக் கப் கொடுத்தார்கள், 30 மி.லி. கால் மணி நேரத்துக்கு ஒரு கப் தண்ணீர், அதையும் மடக்கென்று குடிக்கக் கூடாது. வீட்டுக்கு வந்த அன்று அந்தக் கப்பைக் காணோம். என் மாமியார் பரணில் தேடி, மகளுக்குக் கைக்குழந்தையில் மருந்து புகட்டிய வெள்ளிப் பாலாடையை எடுத்துக் கழுவி, அதில் நீர்மோரை ஊற்றி நீட்டினார். பதினைந்து வருஷத்துக்கு முன் அதே சோபாவில் உட்கார்ந்து அவர் பேத்திக்குப் புகட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே குடித்தேன். இரண்டு பாலாடையில் வயிறு நிறைந்துவிட்டது.

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் இரண்டு வாரமும் பசி என்பதே இல்லை. நிஜமாகவே இல்லை, அலாரம் வைத்துத்தான் குடித்தேன். ஆனால் ராத்திரி இரண்டு மணி வரை போனில் பிரியாணி வீடியோ பார்த்தேன். தம் உடைக்கிற காட்சியை நிறுத்தித் திரும்பப் பார்ப்பேன். சைதாப்பேட்டை வடகறி, பர்மா பஜார் அத்தோ, திருவல்லிக்கேணியில் சாம்பார் வாளியோடு நிற்கும் சர்வர் எல்லாம் வந்து போனார்கள். கணவர் முழித்துப் பார்த்துவிட்டு, "ஏன் உன்னையே கஷ்டப்படுத்திக்கறே?" என்றார். கஷ்டமாகவே இல்லை என்பதுதான் விசித்திரம். நாக்கில் எச்சில்கூட ஊறவில்லை. ஊரை விட்டுப் போனவர்கள் பழைய தெருவை மேப்பில் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

ஆஸ்பத்திரியில் கொடுத்த உணவுத் தாளைப் பற்றி ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். குயினோவா, பெர்ரி, கிரீக் யோகர்ட், அவகாடோ. சோற்றைப் பற்றி ஒரு வரி கிடையாது, ரசம் பற்றிக் கிடையாது. எனக்குக் கைகொடுத்தது, சிகிச்சை முடிந்தவர்களின் மாதாந்திரக் கூட்டத்தில் பழக்கமான பெரம்பூர் அக்கா. அவருக்கு இரண்டு வருஷம் முன்னால் இரைப்பை பைபாஸ் என்ற இன்னொரு வகை எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்திருந்தார்கள். அவர் சொன்னது இவ்வளவுதான்: தட்டில் முதலில் முட்டையோ மீனோ பருப்போ, அப்புறம் காய், இடம் இருந்தால் சோறு. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் உள்ளே போகணும். மோரை சோற்றோடு சேர்க்காதே, அரை மணி கழித்துத் தனியாகக் குடி. சாப்பிடும்போது இடது கைப் பக்கம் தண்ணீர் டம்ளர் வைக்காதே.

இதில் கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். டம்ளர் இல்லாத இடத்தை என் இடது கை மூன்று மாதம் துழாவிக்கொண்டே இருந்தது.

ஆறாவது வாரம் இட்லிக்கு அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு இட்லி, அதில் பாதி. காலையில் ஆபீஸ் அவசரம், மகளுக்கு டப்பா கட்ட வேண்டும், குக்கர் வேறு கூப்பிடுகிறது. நாலு வாயில் முடித்துவிட்டேன். இரண்டு நிமிஷத்தில் நெஞ்சின் நடுவில் ஒரு கல் வந்து உட்கார்ந்தது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. வாயில் எச்சில் ஊறி ஊறிக் கெட்டியாக, சோப்பு நுரை மாதிரி வந்தது. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் நின்றேன். மாமியார் முதுகைத் தடவிக்கொண்டே, "பச்சக் கொழந்தைக்குக் கொடுக்கற இட்லியாச்சே" என்று அழுகிற குரலில் சொன்னார். அந்த நுரை பலருக்கும் வருமாம். வேகமாகச் சாப்பிட்டாலும், மெல்லாமல் விழுங்கினாலும் வரும். அன்றிலிருந்து ஒரு வாய்க்கு இருபத்தைந்து மெல்லல். எண்ணிக்கொண்டே மென்றால் யாரோடும் பேச முடியாது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு வேளை கொஞ்ச நாள் பள்ளிக்கூடப் பரீட்சை ஹால் மாதிரி இருந்தது.

ருசி மாறும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நான் நம்பவில்லை. இரண்டு மாதம் கழித்து முதல் காபி போட்டேன். அதற்காகவே புதுப் பொடி வாங்கி, டிகாக்‌ஷன் இறங்குவதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். டம்ளரை மூக்கருகே கொண்டுபோனதும் ஏதோ கருகிய ரப்பர் வாசனை. ஒரு வாய் குடித்ததும் நாக்கில் துருப்பிடித்த ஆணி. கணவருக்குக் கொடுத்தேன். "நல்லாத்தானே இருக்கு" என்று குடித்துவிட்டார். முப்பது வருஷப் பழக்கம் அப்படிப் போய்விட்டது. ஏழாவது மாதம் ஒருநாள் பக்கத்து வீட்டிலிருந்து வந்த வாசனையில் அது தானாகவே திரும்பியும் வந்தது, ஆனால் அரை டம்ளர், சர்க்கரை இல்லாமல். இனிப்புக்கும் நாக்கு கூர்மையாகிவிட்டது. தீபாவளிக்கு மாமியார் கிண்டிய மைசூர்பாகில் ஒரு விள்ளல்கூடத் தாங்கவில்லை, தொண்டை எரிந்தது. கோழிக்கறி பஞ்சு போலச் சவசவ என்றிருந்தது. மீன் மட்டும் என்னைக் கைவிடவில்லை. குழம்பில் வெந்த சங்கராவை முள் எடுத்து உதிர்த்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

பெரம்பூர் அக்கா கதை வேறு. அவருக்கு ருசி மாறவே இல்லை, ஜாங்கிரி என்றால் உயிர். ஒரு கிரகப்பிரவேசத்தில் ஒன்றைச் சாப்பிட்டிருக்கிறார். கால் மணியில் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிறு முறுக்கி, யாரோ வீட்டுப் படுக்கையறையில் போய்ப் படுத்துவிட்டார். அதற்கு டம்பிங் என்று பெயர். பைபாஸில் உணவு நேராகச் சிறுகுடலுக்குப் போவதால், சர்க்கரை மொத்தமாக அங்கே இறங்கி, உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கும். ஸ்லீவில் இது குறைவு. "உனக்கு உள்ளே போலீஸ் இல்ல, அதான் ஜாக்கிரதை" என்றார் அக்கா.

சரியாகத்தான் சொன்னார். பத்தாவது மாதம் 78 கிலோவில் எடை நின்றது. அடுத்த மாதம் ஒன்றரை கிலோ ஏறியது. முடி கொட்டி, வளர்ந்து, ரவிக்கையெல்லாம் மூன்று முறை பிடித்துத் தைத்த பிறகு ஏறினால் எப்படி இருக்கும்? ஒரு நோட்டில் மணி போட்டு எழுதச் சொன்னார் டயட்டீஷியன். எதைச் சாப்பிட்டேன் என்பதோடு, பசித்ததா இல்லையா என்றும் எழுத வேண்டும். ஒரு வாரம் எழுதிவிட்டுப் பார்த்தேன். தினமும் இரண்டு இடத்தில் 'பசி இல்லை' என்று இருந்தது.

ஒன்று, சாயங்காலம் நாலு பத்து. அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஆபீஸுக்கு டீ வரும் நேரம். டீ வாங்காமல் மேசை டிராயரைத் திறந்து மிக்சர் எடுப்பேன். அரை இட்லிக்கு அடைத்துக்கொண்ட அதே வயிறு, மிக்சரை எத்தனை பிடி போட்டாலும் சத்தமில்லாமல் உள்ளே விட்டது. மொறுமொறு சாமான்களெல்லாம் வாயிலேயே மாவாகி வழுக்கிப் போய்விடும், நிறைந்த உணர்வே வராது. முறுக்கு, சிப்ஸ், பிஸ்கட் எல்லாம் அப்படித்தான். இதை ஆஸ்பத்திரி உணவுத் தாளில் முதல் வரியாகப் போட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, ராத்திரி ஒன்பதே முக்கால். ஒரு ஸ்பூன் கூட்டு, கால் தோசை, அடிச்சோறு இரண்டு விரல். ஏன் சாப்பிட்டாய் என்ற கட்டத்தில் ஏழு நாளும் ஒரே வார்த்தை எழுதியிருந்தேன்: மிச்சம்.

என் அம்மா ரேஷன் அரிசியில் ஐந்து பேரை வளர்த்தவள். தட்டில் ஒரு பருக்கை இருந்தாலும் எழுந்திருக்க விடமாட்டாள். நான் எதையும் வீணாக்காதவள் என்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வம் ஒரு இருபது கிலோவாவது இருந்திருக்கும். வயிற்றை வெட்டி எடுத்த பிறகும் அது அப்படியே நின்றது. குப்பையில் கொட்டக் கை வரவில்லை. அளவைக் குறைத்துப் போட்டால், யாராவது வந்தால் என்ன செய்வது என்ற பயம். இதை மாமியாரிடம் சொன்னபோது அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ராத்திரி பானையை வழிச்சுத் தொடைக்கக் கூடாதுன்னு உங்க வீட்ல சொல்லலியா? ஒரு பிடி சோறு விட்டு, தண்ணி ஊத்தி வைக்கணும்மா. காலி பானை வீட்டுக்கு ஆகாது." பதினேழு வருஷமாக நான் தினமும் வழித்துத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் அத்தை என்று கேட்டேன். "பசிக்குதாக்கும்னு நெனச்சேன்" என்றார்.

இப்போது மூன்று டம்ளர் அரிசி இரண்டாகிவிட்டது. ஒன்பதரைக்கு மேல் சமையலறை கணவர் பொறுப்பு. டப்பாவில் போட்டு மூடுகிற வேலையை அவர் ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி செய்கிறார், மூடிக்கு மூடி தேதி ஒட்டாத குறை. நாலு பத்துக்கு வறுத்த வேர்க்கடலை ஒரு சின்னக் கிண்ணம், எண்ணி இருபது. அதுவும் சில நாள் நாற்பதாகிறது. கல்யாண வீடுகள் இன்னும் சங்கடம்தான். வேண்டாம் என்று இலைக்கு மேல் கையை நீட்டினால், கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஏன் இப்படி இளைத்துவிட்டாய், ஏதாவது வியாதியா என்று காதில் கேட்கிறார்கள். நிரம்பிய இலையை அப்படியே மடிக்கும்போது எதிர்ப் பந்தியில் அம்மா உட்கார்ந்து பார்ப்பது போலவே இருக்கும். மகள் பக்கத்தில் உட்கார்ந்து வடையையும் அப்பளத்தையும் தன் இலைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். பிறகு அதை நானே நிறுத்திவிட்டேன். மிச்சத்துக்கு இன்னொரு ஆள் தயார் பண்ணுகிறேனோ என்று தோன்றியது.

எடை இப்போது 76. சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது, மெஷினை பரணில் ஏற்றியாயிற்று. வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுசுக்கும் உண்டு. வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனையும் உண்டு.

போன வாரம் மகள் வழக்கம்போல அரைத் தோசையை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "வெச்சுடும்மா, காலைல நானே சாப்பிட்டுக்கறேன்" என்றாள். சாப்பிடவில்லை. மாமியார் அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். பின்னாலேயே போய் நின்றேன். காக்கை வந்தது, தலையைச் சாய்த்துப் பார்த்தது, பாதியைத் தின்றது, மீதியைக் கைப்பிடிச் சுவரிலேயே விட்டுவிட்டுப் பறந்துபோனது.