ரங்கூன் மல்லி பூக்கும் நேரம்

வீட்டில் ஒரே ஒரு கொடிக்குத்தான் இடம் என்றால், யோசிக்காமல் ரங்கூன் மல்லியைத்தான் சொல்வேன். மாலையில் விரியும்போது பூ நல்ல வெள்ளை. மறுநாள் இளஞ்சிவப்பு, அதற்கடுத்த நாள் அடர் சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் சேர்ந்து தொங்குவதைப் பார்க்கப் பார்க்க அலுக்காது.

புதிதாக விரிந்த வெள்ளைப் பூ இருட்டிலும் பளிச்சென்று தெரியும். வாசமும் அப்போதுதான் தூக்கலாக இருக்கும். பூவின் நீளமான குழாய்க்குள் இருக்கும் தேனை எட்டுகிற அளவுக்கு நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய அந்துப்பூச்சிகள் அதைத் தேடி வரும். நிறம் ஏறிய பிறகு பகலில் தேனீக்கள், வண்ணத்துப்பூச்சிகளின் முறை. இருட்டியதும் கொடிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்று பாருங்கள். அந்துப்பூச்சி பூவில் உட்காராது, அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். எனக்கு அது பூவை விடவும் அழகு!

வளர்ப்பது எளிது. வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றைப் பிரித்து நட்டாலே போதும். நல்ல வெயில் வேண்டும், நிழலில் இலைதான் தழைக்கும். புதுத் தளிரில்தான் பூ வரும் என்பதால், ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் தயங்காமல் கவாத்து செய்யுங்கள். பந்தல் மட்டும் உறுதியாக இருக்கட்டும், வருடம் போகப் போகக் கொடி நன்றாகக் கனத்துவிடும்.

அப்புறம், தயவுசெய்து பூச்சிக்கொல்லி அடிக்காதீர்கள். அந்துப்பூச்சிகள் வராமல் போய்விடும்.

இரவில் பூக்கும் செடி உங்கள் தோட்டத்தில் வேறு என்ன இருக்கிறது? எழுதுங்கள், படமும் போடுங்கள்.