தண்ணீருக்கு வழி: காரங்காட்டிலிருந்து சின்னப்பாலம் வரை

ஆர்.எஸ்.மங்கலத்தைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டியவரை சீமைக்கருவேலம்தான். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பேர்பெற்ற கண்மாயை விட்டு, உப்பூரில் வெயிலுகந்த விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினோம். கொஞ்ச தூரத்தில் காரங்காடு. கோட்டக்கரை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் அடர்ந்து நிற்கிறது அலையாத்திக் காடு. வறண்ட சீமை என்றே பழகிய ராமநாதபுரத்தில் அந்தப் பச்சையைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது.

வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து இங்கே படகு விடுகிறார்கள். எங்களைக் கூட்டிப்போன அண்ணன் மீன்பிடிக்காரர். சேற்றிலிருந்து குத்துக் குத்தாக மேலே நீட்டிக்கொண்டிருந்த மூச்சுவேர்களைக் காட்டினார். வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் இலை ஒன்றைக் கிள்ளி நாக்கில் வைக்கச் சொன்னார், உப்புக் கரித்தது. வேர் உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளும் மரம் அது. கரையில் இன்னும் நிறைய நட்டால் என்ன என்று கேட்டேன்.

"நடுறது பெரிசில்ல தம்பி. தண்ணி வந்து வந்து போகணும். தேங்குச்சுன்னா உப்புக் கட்டி மரம் பட்டுப்போகும்" என்றார்.

இந்தப் பயணத்தில் நான் கேட்டதிலேயே முக்கியமான பேச்சு இதுதான். காடு அழிந்த இடத்தில் சேறு வெயிலில் காய்ந்து பள்ளமாக அமுங்கிவிடும். உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் ஆவியாகி, கடலைவிடக் கரிப்பான குட்டையாகும். அதில் எத்தனை கன்று நட்டாலும் பிழைக்காது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் இதற்கு வழி கண்டது. கழியிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபக்கமும் மீன்முள் போலச் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள். ஓதம் ஏறும்போது நீர் உள்ளே வந்து, இறங்கும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு போகும். கன்றை வாய்க்காலின் சரிவில் நடுவார்கள்; அப்போதுதான் ஈரமும் கிடைக்கும், முழுகவும் முழுகாது. பாக் விரிகுடாவில் ஓத ஏற்ற இறக்கமே குறைவு என்பதால் வாய்க்காலின் ஆழம் கொஞ்சம் பிசகினாலும் வேலை கெட்டுப்போகும். வருஷா வருஷம் தூரும் வார வேண்டும். லட்சம் கன்று நட்டோம் என்ற செய்தி வரும்போதெல்லாம் நான் கேட்க நினைப்பது, மூன்றாம் வருஷம் அந்த வாய்க்காலைத் தூர்வாரியது யார் என்பதுதான்.

கண்டலுக்கு நல்ல தண்ணீரும் வேண்டும். கடல் மட்டம் உயர உயர உவர்நீர் உள்ளே ஏறும். அதை எதிர்த்துத் தள்ள ஆற்றில் மழைக்காலத்திலாவது தண்ணீர் வர வேண்டும். வரத்துக்கால்களையும் கண்மாய்களையும் கருவேலம் அடைத்துக் கிடந்தால் எப்படி வரும்? கடற்கரையைக் காக்கும் வேலை உள்நாட்டுக் கண்மாயிலேயே தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

மறுநாள் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலின் இடிபாடுகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது அடும்பங்கொடியையும் ராவணன் மீசையையும். காற்றில் ஓடும் மணலைப் பிடித்து மேடாக்குபவை இவைதாம். இந்த மேட்டுக்கு முன்னால் கடலோரம் வரை சவுக்கை நெருக்கி நடுவது எனக்குச் சம்மதமில்லை. முட்டையிட வரும் பங்குனி ஆமைக்குத் திறந்த மணல் வேண்டும். மணல் சூடேறினால் பொரிப்பவற்றில் பெண் குஞ்சுகளே மிகும் என்பதால், பொரிப்பகங்களில் நிழலும் இப்போது பெரிய கவலை.

பாம்பன் பக்கம் வந்தால் தென்கடல். தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகள் 1986-ல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவாயின. அவற்றில் கீழக்கரைக்கு நேரே இருந்த பூவரசன்பட்டியும், தூத்துக்குடிப் பக்கம் விலங்குசல்லியும் இன்று தண்ணீருக்குள். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தோம். அலையை உடைக்க ஆளில்லாமல் தீவு கரைந்தது. மிச்சமிருக்கும் பவளத்தை 2010, 2016, 2024 வெயில்கள் வெளுக்க வைத்தன. கடலின் சூட்டை இங்கே யாராலும் தணிக்க முடியாது. ஆனால் வெளுத்த பாறை தேறுவதற்கு இடம் கொடுக்கலாம்: கழிவுநீரையும் கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவை வலையையும் தள்ளி வைப்பது, வருமானத்துக்காக வளர்க்கக் கொண்டுவந்து, 2008-ல் குருசடைத் தீவின் பவளத்தில் படர்ந்திருப்பதாகப் பதிவான கப்பாபைகஸ் பாசியைக் கையால் அகற்றிக்கொண்டே இருப்பது.

சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் அக்காக்களைச் சந்தித்தோம். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்குகிறவர்கள். மாதத்துக்கு 12 நாள்தான் கடலில் இறங்குவது என்று இந்தக் கரைப் பெண்கள் தாங்களே பேசி வைத்த கட்டுப்பாடு பலருக்குத் தெரியாது. பூங்கா வந்தபின் தலைமுறையாகப் போய்வந்த தீவுகளுக்கு அவர்கள் பயந்து பயந்து போக வேண்டியதாயிற்று.

"சித்திரை வெயில்ல பாறை வெள்ளையாப் போகுது. மழைக்கப்புறம் சிலது நெறம் திரும்புது, சிலதுல பாசி மூடிருது. எந்தப் பாறை எதுன்னு எங்களுக்குத் தெரியும், யாரும் கேக்குறதில்ல" என்றார் ஒரு அக்கா.

பூங்காவுக்கான அடுத்த மேலாண்மைத் திட்டத்தை எழுதுகிறவர்கள் சின்னப்பாலத்துக்கு வந்து இவர்களோடு உட்கார்ந்து எழுதட்டும். முங்கிப் பார்த்து மாதாமாதம் குறித்துச் சொல்லும் வேலையை இவர்களுக்கே சம்பளத்தோடு கொடுக்கட்டும்.